அனெக்ஸில் ஒரு பல் டாக்டர்

"ரூம் இன்னும் ரெடி ஆகலையா?" என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். முன்பு கேட்டபோதெல்லாம் கேள்வி சோபாவிலிருந்து வந்தது. இந்தத் தடவை எழுந்து ரிசப்ஷன் மேஜைக்கே வந்துவிட்டது.

"இதோ மேடம். சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்காங்க," என்றாள் முதுகலை.

"இவ்வளவு நேரம் சுத்தம் பண்றாங்கன்னா, எனக்கு முன்னாடி அதுல என்ன தங்கியிருந்தது?"

முதுகலை சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பையும் டாக்டரம்மா சும்மா விடவில்லை. "கீழ்வரிசையில ஒரு பல் லேசா சாயுது. கவனிங்க," என்று சொல்லிவிட்டு சோபாவுக்குத் திரும்பினார்.

சுத்தம் செய்ய ரூமே இல்லை என்பதுதான் விஷயம். ஹோட்டல் நிறைந்துவிட்டது. டாக்டரம்மா ஒரு மாதம் முன்பே பதிவு செய்து, உறுதியும் வாங்கி, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறார். அவருக்குக் கொடுக்க முதுகலையிடம் இருந்தது ஒரு கப் காபி மட்டும்தான். அதையும் மூன்று தடவை கொடுத்தாகிவிட்டது.

முதுகலை என்பது அவளுடைய பெயரல்ல. ஹோட்டல் நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பு படிக்கிறாள், இரண்டாம் வருஷம். கடைசி ஆறு மாதம் ஏதாவது ஒரு ஹோட்டலில் மேனேஜ்மென்ட் ட்ரெய்னியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். இங்கே வந்த முதல் நாள், தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, முதுகலை என்ற சொல்லை அவள் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்திவிட்டாள். சாயங்காலத்துக்குள் பாத்திரம் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் முதுகலை ஆகிவிட்டாள். நாள் முழுக்க நின்றுவிட்டு அவள் இடுப்பைப் பிடித்தால், "என்ன முதுகலை, முதுகு வலியா?" என்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது, முதுகு வலியைப் போலவே.

ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர், மனைவிக்குப் பிரசவ வலி என்று காலையில் கிளம்பிப் போய்விட்டார். போகிற போக்கில், "நீ படிச்ச பொண்ணு, பார்த்துக்க. உன் ரிப்போர்ட்ல நான் எழுதப்போறது இதை வச்சுத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். ரிப்போர்ட் சரியில்லை என்றால் மறுபடியும் ஆறு மாதம் பயிற்சி. வீட்டில் மாமியார் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியிருந்தார். "ஆறு மாசம் அடுப்படியை நான் பார்த்துக்கறேன். ஏழாவது மாசம் நீங்களாச்சு, உங்க அடுப்பாச்சு."

இவ்வளவுக்கும் காரணம் முதுகலையின் ஆராய்ச்சிதான். அவளுடைய பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: "ஹோட்டல் ரூம் வாழைப்பழம் மாதிரி. இன்னிக்கு விக்கலைன்னா நாளைக்கு அழுகிடும்." பதிவு செய்தவர்களில் எப்போதும் சிலர் வராமல் போவார்கள். எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அத்தனை பேரை அதிகமாகப் பதிவு செய்துகொண்டால் ஒரு ரூம்கூட வீணாகாது. இதற்கு அவள் ஒரு சூத்திரமே கண்டுபிடித்திருந்தாள். ஊரில் பல் டாக்டர்கள் மாநாடு. ஆளுக்காள் போன் செய்து ரூம் கேட்கிறார்கள். முதுகலை சூத்திரத்தைப் போட்டாள், தைரியமாகக் கூடுதலாக ஏற்றுக்கொண்டாள்.

பல் டாக்டர்கள் மற்றவர்களைக் காத்திருக்க வைத்தே பழகியவர்கள். தாங்கள் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. இருவரைச் சிநேகிதர்கள் என்று கண்டுபிடித்து ஒரே ரூமில் போட்டாள். ஒருவரை அத்தை வீட்டுக்குப் போகச் சம்மதிக்க வைத்தாள். கடைசியில் டாக்டரம்மா மட்டும் மிஞ்சினார். சூத்திரம் பல்லிளித்துவிட்டது.

டாக்டரம்மாவோ லேசான ஆள் இல்லை. நாளைக் காலை மாநாட்டில் முதல் பேச்சு அவருடையது. பேச்சைச் சோபாவில் உட்கார்ந்து ஒருமுறை படித்து முடித்துவிட்டார். இப்போது கைக்கடிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதுகலை ஊரிலுள்ள மற்ற ஹோட்டல்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். எங்கே கேட்டாலும் பல் டாக்டர்கள். ஒரு லாட்ஜில், "மாடிப்படிக்குக் கீழ ஒரு இடம் இருக்கு, ஆனா அதுலயும் ஒரு டாக்டர் பேக் வச்சிருக்கார்," என்றார்கள். மேனேஜருக்குப் போட்டாள். போனை அணைத்து வைத்திருந்தார்.

பெல் கேப்டனைத் தனியே அழைத்தாள். ஹோட்டலுக்குள் வரும் பெட்டி, போகும் பெட்டி எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். மீசையைப் பார்த்தால் ராணுவம் போல இருப்பார். மனசு மட்டும் பஞ்சு.

"அண்ணா, நிஜமாவே ஒரு ரூம்கூட இல்லையா?"

"ஐநூத்தி ஒண்ணு காலியாத்தான் இருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே பயந்தது போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆனா அது எம்.டி. ரூம்."

அந்த ரூமைப் பற்றி அவளுக்கும் தெரியும். மாடியில், காற்றும் வெளிச்சமும் வருகிற மூலையில் இருக்கிறது. எம்.டி.க்கு வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பிறகு ரூம் எதற்கு என்றால், வீட்டம்மாவோடு சண்டை வந்தால் வந்து படுப்பதற்கு என்று சமையலறையில் பேச்சு. ஆறு மாதமாக அவர் வந்து படுக்கவில்லை. நல்ல குடும்பம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

"ஒரே ஒரு நாள்தானே அண்ணா. நாளைக்கு யாராவது காலி பண்ணிடுவாங்க. மாத்திடலாம்."

"மேனேஜர் சார் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? 'எம்.டி.க்கு ஒதுக்கினது. பிரதம மந்திரியே வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லு'ன்னார். நான் தினம் பூ மாத்தறேன் மேடம். பழம் மாத்தறேன். இன்னிக்கு ராத்திரி பார்த்து அவங்க வீட்ல சண்டை வந்துட்டா?"

"பார்க்கவாவது பார்க்கலாமா?"

கதவைத் திறந்து காட்டினார். மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு, ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, மேஜையில் பூ. முதுகலையின் இடுப்பு அவளைக் கேட்காமலே கட்டிலை நோக்கித் திரும்பியது. மெத்தை ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். விரல் அப்படியே அமிழ்ந்து போனது.

"உட்கார்ந்துடாதீங்க மேடம்," என்றார் கேப்டன் பதறிப்போய். "சுருக்கம் விழுந்தா யார் பதில் சொல்றது?"

கீழே இறங்கி வந்தபோது டாக்டரம்மா மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் போன்.

"எனக்கு ரூம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. மாநாட்டுக் கமிட்டிக்கு இப்பவே சொல்லிடறேன். அடுத்த வருஷம் இந்த ஹோட்டல்ல ஒரு டாக்டரும் தங்க மாட்டாங்க."

முதுகலைக்கு அந்த நேரத்தில் பாடம் ஞாபகம் வந்தது. இடமில்லாத விருந்தாளியை அதே தரத்தில் வேறு இடத்துக்கு, ஹோட்டல் செலவில், முகம் கோணாமல் அனுப்பி வைக்க வேண்டும். எந்த இடம் என்று மட்டும் பாடத்தில் போடவில்லை.

"ரூம் ரெடி மேடம்," என்றாள். "எங்க அனெக்ஸ்ல."

"அனெக்ஸா?"

"எங்க ஹோட்டலோட இன்னொரு கட்டடம் மேடம். ரொம்ப அமைதியான இடம். சில பேருக்கு மட்டும்தான் குடுப்போம்."

ஹோட்டல் காரைக் கூப்பிட்டு, டிரைவரிடம் தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். சுற்றுவழியாகப் போகச் சொன்னாள். ஒரு பையில் ஹோட்டல் சோப்பு, துண்டு, விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற வரவேற்பு அட்டை எல்லாவற்றையும் போட்டுக் கையில் கொடுத்தாள். கார் வாசலைத் தாண்டியதும் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பான்.

"என்னங்க, நம்ம வீட்டை அனெக்ஸ் ஆக்கணும்."

"ஆக்கணும்னா? மாடி எடுக்கணுமா?"

"இல்லங்க. ஒரு டாக்டரம்மா கார்ல வந்துக்கிட்டே இருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் நம்ம வீடு ஹோட்டல். நீங்க மேனேஜர். அத்தை ரூம்லதான் பாத்ரூம் சேர்ந்து இருக்கு, அதைக் குடுத்துடுங்க."

"அம்மாகிட்ட யார் சொல்றது?" என்றான்.

"மேனேஜர்தான் சொல்லணும்."

"நான் ஸ்கூலுக்கே திரும்பிப் போயிடட்டுமா?"

"ப்ளீஸ்ங்க. ரிப்போர்ட் போயிடும். ஏழாவது மாசம் நீங்கதான் சமைக்கணும்."

அந்த வாதம் எடுபட்டது. அவன் அம்மாவிடம் போனான். போனைக் கையிலேயே பிடித்திருந்ததால் மாமியாரின் குரல் முதுகலைக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஹோட்டல் நடத்தவா ரெண்டு வருஷம் படிக்கிறா? நான் படிக்காமலே நடத்திக்கிட்டிருக்கேன். சரி, வர்றவங்க நல்லவங்களா?"

"டாக்டர்மா. ஆனா மருமகள், மாமியார்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. இது வீடுன்னு தெரியக்கூடாது."

"நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? கேட்டா உள்ளதைச் சொல்லுவேன், உறவைச் சொல்ல மாட்டேன். போதுமா?"

போதும் என்று முதுகலை நினைத்தாள். அன்று அவள் போட்ட தப்புக்கணக்குகளில் அதுவும் ஒன்று.

கொஞ்ச நேரத்தில் கணவன் கிசுகிசுத்தான். "வந்துட்டாங்க."

"எப்படி வரவேற்றீங்க?"

"கல்யாணக் கோட்டைப் போட்டுக்கிட்டேன். பட்டன்தான் போடமுடியலை. பெட்டியை வாங்கிக்கிட்டேன். எத்தனை ரூம்னு கேட்டாங்க. ரெண்டுன்னேன். சரியான பதில்தானே?"

"சரிதான். சந்தேகப்பட்டாங்களா?"

"இல்ல. ஆனா ஒரு சின்ன விஷயம். ஹோட்டல்னா போர்டு வேணுமேன்னு, பலகையில அனெக்ஸ்னு எழுதி வாசல்ல சாத்தி வச்சேன். எழுத்து நல்லா வந்தது. நீ பார்த்திருக்கணும்."

"என்னாச்சு?"

"பெயின்ட் காயலை. அவங்க செருப்பைக் கழட்டும்போது அதுல சாய்ஞ்சுட்டாங்க. வெள்ளைக் கோட் முழங்கையில 'னெ' மட்டும் திருப்பி விழுந்திருக்கு. இன்னும் பார்க்கலை."

முதுகலை கண்ணை மூடிக்கொண்டாள். கோட்டை வாங்கி உடனே துவைத்துவிடச் சொல்லலாம். ஆனால் கேட்டால் கறை தெரிந்துவிடும். யோசிப்பதற்குள் ரிசப்ஷன் போன் அடித்தது. டாக்டரம்மா.

"இங்க ரூமுக்குள்ள போன் இல்லை. அதனால உங்களுக்கே பண்றேன். எனக்குச் சூடா ஒரு சூப் வேணும். உப்பு குறைவா."

"உடனே அனுப்பறேன் மேடம்," என்று வைத்துவிட்டு, கணவனிடம், "சூப். உப்பு கம்மி," என்றாள்.

"சூப்பா? இப்பவேவா?" என்றான் அவன், சற்று உரக்கவே. சமையலறைக்கும் அந்த ரூமுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

ரிசப்ஷன் போன் மறுபடி அடித்தது. "ஆமா, இப்பவேதான்," என்றார் டாக்டரம்மா. வைத்துவிட்டார்.

அடுத்து ஒரு தலையணை கேட்டார். பிறகு ஃபேன் சத்தம் என்றார். ஒவ்வொன்றும் அங்கிருந்து ஊரைச் சுற்றி ஹோட்டலுக்கு வந்து, ஹோட்டலிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கணவனுக்குப் போனது. இடையில் வந்து நின்ற நிஜ விருந்தாளிகளுக்கு முதுகலை பில் போட்டாள், சாவி கொடுத்தாள், சிரித்தாள். ஒருவருடைய பில்லில் சூப், உப்பு கம்மி என்று எழுதிவிட்டு அடித்தாள்.

கொஞ்ச நேரம் எந்தப் போனும் வரவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. அவளே அடித்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"அம்மா உள்ள போயிட்டாங்க," என்றான் கணவன், காற்றில் பேசுவது போல.

"எங்க உள்ள?"

"டாக்டரம்மா ரூமுக்குள்ள. வெந்நீர்ப் பை கட்டிலுக்கு அடியில இருக்காம். அம்மாவுக்குப் பல் வலி, ஒத்தடம் குடுக்கணுமாம்."

"தடுத்திருக்கலாமே."

"அவங்களை யாராவது தடுத்துப் பார்த்திருக்கியா? இரு, கதவுகிட்ட வைக்கிறேன், நீயே கேளு."

போனில் முதலில் கரகரவென்று சத்தம். பிறகு டாக்டரம்மாவின் குரல்.

"நீங்க யாரு? ஹவுஸ்கீப்பிங்கா?"

"அப்படியும் வச்சுக்கலாம்," என்றார் மாமியார். "கூட்டறது, துடைக்கிறது, துவைக்கிறது, சமைக்கிறது, எல்லாம் நான்தான்."

"தனி ஆளாவா?"

"கூட ஒருத்தி இருந்தா. அவ இப்பப் பெரிய ஹோட்டல்ல ரிசப்ஷன்ல நின்னு சிரிச்சுக்கிட்டிருக்கா."

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"முப்பத்திரெண்டு."

அந்த எண்ணில் பல் டாக்டர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. டாக்டரம்மாவின் குரல் கனிந்தது. "உட்காருங்கம்மா. சம்பளம் எவ்வளவு தர்றாங்க?"

மாமியார் சிரித்தார். "சம்பளமா. நல்லாக் கேட்டீங்க போங்க."

"ஒண்ணுமே தர்றதில்லையா? வாரத்துல ஒரு நாள் லீவாவது?"

"லீவா? ஒரு தடவை ஜுரம்னு படுத்தேன். அன்னிக்கும் சாயங்காலம் எழுந்து சமைச்சேன். ருசி இல்லைன்னு சொன்னாங்க."

"ராத்திரி எங்க தூங்குவீங்க?"

"இன்னிக்கு ஹால்ல, தரையில. என் கட்டிலைத்தான் உங்களுக்குக் குடுத்துட்டாங்களே."

"வாயைத் திறங்க, பார்க்கலாம்," என்ற குரல். பிறகு, "ஐயோ, இதோட எத்தனை நாளா வேலை பார்க்கிறீங்க? ஒரு டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போகலையா? யாரு இதுக்கெல்லாம் பொறுப்பு?"

"முன்னாடி நான்தான். இப்ப எல்லாம் அவ சொல்றதுதான் சட்டம். அதான், ரிசப்ஷன்ல."

மாமியார் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முதுகலை போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் ரிசப்ஷன் போன் அலறியது.

"உங்க அனெக்ஸ்ல வயசான ஒரு அம்மாவை முப்பத்திரெண்டு வருஷமாச் சம்பளமில்லாம வேலை வாங்கறாங்க," என்றார் டாக்டரம்மா. குரலில் சூடே இல்லை. "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் குற்றம். முதுகலை பதற்றத்தில் உண்மையைத் தேர்ந்தெடுத்தாள்.

"தெரியும் மேடம். ஆனா அது..."

"தெரியும். அவ்வளவு போதும். உங்க எம்.டி. நம்பர் என்கிட்ட இருக்கு."

"உங்ககிட்ட எப்படி மேடம்?"

"நீங்க குடுத்த பையில ஒரு அட்டை இருக்கே. 'குறை இருந்தால் எங்கள் எம்.டி.யிடமே நேரில் பேசுங்கள்'னு."

அந்த அட்டை முதுகலையின் யோசனை. விருந்தாளியின் நம்பிக்கையை வளர்க்கும் என்று மேனேஜரிடம் வாதாடி அச்சடிக்க வைத்தாள். ஆறு மாதத்தில் அந்த எண்ணைக் கூப்பிட்ட முதல் ஆள் டாக்டரம்மாதான்.

முதுகலை கணவனைக் கூப்பிட்டாள். பலமுறை அடித்த பிறகுதான் எடுத்தான். "எப்படியாவது சமாளிச்சு அவங்களைத் தூங்க வைங்க."

"தூங்கறதா? அவங்க, அம்மா கையைப் பிடிச்சு, வாசல்ல நின்ன ஹோட்டல் கார்ல ஏத்திட்டாங்க. நியாயம் கேட்கப்போறாங்களாம்."

"அத்தை எதுக்குப் போறாங்க?"

"வா, வந்து ஒரு முடிவு பார்க்கலாம்னு டாக்டரம்மா கூப்பிட்டாங்க. அம்மாவை எங்கயாவது வான்னு கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு? புடவை மாத்திட்டுக் கிளம்பிட்டாங்க. நானும் பெட்டியோட பின்சீட்ல இருக்கேன். முக்கால்வாசி தூரம் வந்தாச்சு."

லிஃப்ட் திறந்தது. பெல் கேப்டன் கிட்டத்தட்ட ஓடி வந்தார். முகமெல்லாம் ஒளி.

"மேடம், எம்.டி. வர்றாராம். இப்பவே. அவர் குரல்ல கோபம் இருந்தது, கண்டிப்பா வீட்லதான் ஏதோ ஆயிடுச்சு. ஆறு மாசமா பூ மாத்தினது வீண்போகலை. நான் போய் ஐநூத்தி ஒண்ணுல விளக்கைப் போட்டு வைக்கிறேன்."

அவர் போய்விட்டார். முதுகலை மேஜைக்குப் பின்னால் நின்றாள். ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

முன்னால் டாக்டரம்மா, முழங்கையில் திரும்பிய 'னெ'யோடு. அவர் கையைப் பிடித்தபடி மாமியார், விசேஷத்துக்கு எடுத்து வைத்த புடவையில், ஒரு கன்னம் வீங்கி, கண்ணில் என்றுமில்லாத பளபளப்போடு. அவர்களுக்குப் பின்னால் பட்டன் போடாத கோட்டில் கணவன், பெட்டியோடு. அதே நேரத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாக எம்.டி.யும் உள்ளே வந்தார். வீட்டுச் செருப்போடு நடந்தே வந்திருந்தார். சின்ன உருவம், பெரிய மூக்குக் கண்ணாடி.

"நீங்கதான் போன் பண்ணீங்களா டாக்டர்?" என்றார். "எங்க ஹோட்டலுக்கு அனெக்ஸ் இருக்குன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"இருக்கு. அதுல இந்தம்மா முப்பத்திரெண்டு வருஷமா..."

"ஹோட்டல் கட்டியே பன்னெண்டு வருஷம்தாங்க ஆகுது."

டாக்டரம்மா வாய் திறந்தபடியே நின்றார். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகியவருக்கு அது புதிது. மெல்ல முதுகலை பக்கம் திரும்பினார். எம்.டி.யும் திரும்பினார். லாபியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இரண்டு பல் டாக்டர்களும் திரும்பினார்கள்.

இனி மறைக்க எதுவுமில்லை.

"அது என் வீடு சார்," என்றாள். "இவர் என் வீட்டுக்காரர். இவங்க என் மாமியார். நான்தான் கணக்குத் தெரியாம அதிகமாப் பதிவு பண்ணிட்டேன். ரூம் இல்லைன்னு சொல்ல பயந்து இவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன். தப்பு எல்லாம் என்னோடது. இவங்க யாருக்கும் சம்பந்தமில்லை."

"அப்ப நான் உங்க மாமியார் கட்டில்லயா படுத்திருந்தேன்?" என்றார் டாக்டரம்மா.

"ஆமா மேடம்."

"அந்தச் சூப்?"

"நான் வச்சது," என்றான் கணவன்.

"நினைச்சேன்," என்றார் டாக்டரம்மா.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, நீ பயிற்சிக்கு வந்த பொண்ணுதானே? வந்த விருந்தாளியை நடுத்தெருவுல விடலை, சரி. அதுக்காக வீட்டை ஹோட்டல்னு சொல்லி அனுப்பறதா? இதை உன் காலேஜுக்கு நான் என்னன்னு எழுதறது?"

முதுகலை தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு ரிசப்ஷன் மேஜைக் கண்ணாடியில் விழுந்தது. பழக்கதோஷத்தில் அதைத் துணியால் துடைத்தாள்.

அதைப் பார்த்ததும் மாமியார் டாக்டரம்மாவின் கையை விட்டார். நேரே எம்.டி. முன்னால் போய் நின்றார்.

"என்னன்னு எழுதுவீங்களோ எனக்குத் தெரியாது. நல்லபடியா எழுதுங்க. அவ மறுபடி ஆறு மாசம் இங்க வந்தா அடுப்படி எனக்குத்தான்." மூச்சு வாங்கினார். குரல் இறங்கியது. "சார், நான் அவளை ஆயிரம் சொல்லுவேன். அது எங்க வீட்டு விஷயம். ஆனா ரெண்டு பஸ் மாறி வந்து, ரெண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர்றா. ஒரு நாள் தட்டுல சாப்பாட்டைப் போட்டுட்டுத் திரும்பறேன், கையை நனைக்காம அப்படியே தூங்கிட்டிருக்கா. எழுப்ப மனசு வரலை. இவ்வளவு பெரிய ஹோட்டல் வச்சிருக்கீங்களே, நேரமான அன்னிக்கு அந்தப் பொண்ணு தலைசாய்க்க ஒரு மூலை குடுக்கக் கூடாதா?"

முதுகலை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். திருமணமாகி வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து தனக்காக இவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து அவள் கேட்டதில்லை. டாக்டரம்மாவும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணு கெட்டிக்காரிதான். துண்டு, சோப்பு எல்லாம் சரியா குடுத்து அனுப்பினா," என்றார், எம்.டி.யைப் பார்க்காமல்.

எம்.டி. மட்டும் ஒன்றும் புரியாதவர் போல நின்றிருந்தார். மாமியாரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது லிஃப்டிலிருந்து பெல் கேப்டன் இறங்கினார். விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"சார், ஐநூத்தி ஒண்ணு ரெடி. உங்களுக்காகப் புதுப் பூ, புதுப் பழம், புது விரிப்பு. எவ்வளவோ பேர் கேட்டும் யாருக்கும் குடுக்கலை சார். இன்னிக்குக்கூட முதுகலை மேடம் கேட்டாங்க. எம்.டி. ரூம்னு சொல்லி மறுத்துட்டேன்."

"எனக்கா? எனக்கெதுக்குப்பா இங்க ரூம், பக்கத்துல வீட்டை வச்சுக்கிட்டு?" என்ற எம்.டி., சட்டென்று நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதுகலையின் பக்கம் திரும்பினார்.

"மேனேஜ்மென்ட் ட்ரெய்னியா ஒரு பொண்ணு வருது, வீடு தூரம், ரெண்டு பஸ் மாறணும்னு சொன்னாங்களேன்னு, 'எம்.டி.க்கு ஒரு நல்ல ரூமா ஒதுக்குங்க'ன்னு நான்தானேம்மா மேனேஜர்கிட்ட போன்ல சொன்னேன். இந்த ஆறு மாசமும் நீ அங்க தங்கலையா?"